தானே இல்லாத கேள்வி

பம்பலப்பிட்டியில் காலி வீதியிலிருந்து கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கைகள் மரைன் டிரைவில் போய் முடியும். அதைத் தாண்டினால் ரயில் பாதை, பிறகு கடல். அந்த ஒழுங்கைகளில் குடையும் தோள்பையுமாக இருபத்தேழு வருடம் ஏறி இறங்கியவள் நான். நியமனக் கடிதத்தில் பொதுச் சுகாதார மருத்துவமாது என்று இருக்கும். சனத்துக்கு மிட்வைஃப் மிஸ். ஒரே ஒழுங்கையில் லிஃப்ட் வைத்த தொடர்மாடியும், ஓடு சரிந்த பழைய பறங்கியர் வீடும், அதன் பின்மதிலோடு ஒட்டிய இரண்டறை வீடுகளும் இருக்கும். எந்த வீட்டில் ஒருத்தி முழுகாமல் இருந்தாலும் எட்டுக் கிழமைக்குள் அவளைப் பதிந்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. கிளினிக் கார்டைத் திறந்து, கடைசி மாதவிடாய்த் திகதி, முந்திய பிள்ளைகள், பிறஷர், சீனி, வலிப்பு, குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்டு எழுதிக்கொண்டு போகையில் நடுவில் ஒரு கேள்வி வரும்.

"குடிவகை ஒண்டும் பாவிக்கிறேல்லைத்தானே?"

"இல்லை மிஸ்."

பேனையால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். வேலைக்கு வந்த முதல் ஐந்தாறு வருடத்தில் ஒரு தாய்கூட எனக்கு வேறு பதில் சொன்னதில்லை. அந்தப் பதிலை நான் முழுதாக நம்பினேன்.

ரயில் பாதைக்கு அருகில் இருந்த ஒரு வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்தது. மாதம் தவறாமல் கிளினிக்குக்கு வந்த தாய். இரும்புச்சத்துக் குளிசை எடுத்தவள், திரிபோஷ வாங்கிப் போனவள். முப்பத்தொன்பது கிழமை நிறைந்து பிறந்த பிள்ளை 1 கிலோ 900 கிராம்தான் இருந்தது. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே போனாலே எங்களுக்கு நெஞ்சு திக்கென்னும். பிறகும் அந்தப் பையனின் நிறைக்கோடு வளர்ச்சி அட்டையில் அடிவரியைத் தொட்டபடியே போனது. நாலு வயதில் அவனால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. நேற்றுச் சொல்லிக் கொடுத்தது இன்றைக்கு இல்லை. "அடிச்சாலும் விளங்குதில்லை மிஸ், அடுத்த நிமிசம் அதையே செய்யிறான்" என்று தாய் அழுதாள்.

சிறுபிள்ளை வைத்தியர் ஒருவரிடம் அவனைக் கூட்டிப் போனோம். அவர் பையனின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே எல்லோருக்கும் ஒரு சின்னப் பள்ளம் ஓடும். அவனுக்கு அந்த இடம் தட்டையாக, வழுவழுப்பாக இருந்தது. மேலுதட்டின் சிவப்பு ஒரு கோடுபோல மெலிந்திருந்தது. கண்ணின் இரண்டு மூலைக்கும் இடையிலான நீளமும் குறைவு. தாயை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: "தாய் குடிக்கிறவவோ?"

"இல்லை டொக்டர். நான் கேட்டு எழுதினனான்."

"எப்பிடிக் கேட்டனீங்கள்?"

நான் கேட்ட மாதிரியே சொல்லிக் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அதில 'தானே' எண்டு ஒரு சொல் கிடக்கு, பாத்தீங்களோ?" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. "சாப்பிட்டீங்கள்தானே" என்று கேட்டால் சாப்பிடாதவரும் ஓம் என்பார். "சுகம்தானே" என்று கேட்டால் காய்ச்சல்காரனும் சுகம் என்பான். பதிலை நாங்களே எழுதி மற்றவர் கையில் கொடுத்துவிட்டு, அதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்கிற சொல் அது. நலம் விசாரிக்க அது நல்ல சொல். ஒரு பிள்ளையின் மூளை சம்பந்தப்பட்ட கேள்வியின் வாலில் அது ஒட்டிக்கொண்டு வரக் கூடாது.

அடுத்த கிழமை அந்த வீட்டுக்குப் போய்ப் பாயில் இருந்தேன். மாமி கோயிலுக்குப் போயிருந்தா. மெதுவாகக் கேட்டேன். புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் கணவன் இரவில் கொண்டு வருவதில் தனக்கும் ஒரு பங்கு ஊற்றிக் கொடுப்பான் என்றாள். இல்லாவிட்டால் சண்டை. பிறகு பழகிவிட்டது. மூன்றாவது வயிற்றில் இருந்த ஒன்பது மாதமும் அநேகமாக ஒவ்வொரு நாளும். "மாமி பக்கத்தில நிக்க, நீங்கள் அப்பிடிக் கேட்டா நான் என்னெண்டு மிஸ் ஓம் எண்டு சொல்லுறது?" அவள் குரலில் என் மேல் கோபமே இல்லை. அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் சுமக்கிறேன்.

பிறகு தேடிப் படித்தபோது, அந்தப் பையனின் நோய்க்குப் பெயர் வந்த கதையும் சரியான இடத்தில் கேட்ட கேள்வியின் கதைதான் என்று கண்டேன். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கிறிஸ்டி உல்லலண்ட் என்ற இளம் பயிற்சி வைத்தியர், நன்றாக ஊட்டியும் நிறை ஏறாத குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகளை விட்டுத் தாய்மாரின் குறிப்புகளைப் புரட்டினார். பலர் கடுமையாகக் குடிப்பவர்கள். அதே நகரில் கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் என்ற இரு வைத்தியர்கள் ஒருவருக்கொருவர் உறவில்லாத, மூன்று வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த எட்டுப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். எட்டுப் பேரின் முகத்திலும் ஒரே சாயல். எட்டுத் தாய்மாரும் குடிக்கு அடிமைப்பட்டவர்கள். 1973இல் லான்செற் சஞ்சிகையில் அதை எழுதினார்கள். ஃபீட்டல் அல்கஹோல் சின்ட்ரோம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்பே, 1968இல், பிரான்சின் நான்ட் நகரில் போல் லெமுவான் என்ற சிறுபிள்ளை வைத்தியர் 127 பிள்ளைகளைப் பற்றி இதையே எழுதியிருந்தார். பிரெஞ்சில் எழுதியதால் வெளியுலகம் கவனிக்கவில்லை.

வயிற்றில் நடப்பது என்ன? தாய் குடிக்கும் மதுசாரம் நச்சுக்கொடியைத் தடையில்லாமல் கடக்கும். சற்று நேரத்தில் தாயின் இரத்தத்தில் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு பிள்ளையின் இரத்தத்திலும் இருக்கும். தாய்க்கு அதை உடைத்து வெளியேற்றப் பழகிய ஈரல் இருக்கிறது. பிள்ளையின் ஈரல் அந்த வேலையை இன்னும் படிக்கவில்லை. பிள்ளை சலமாகக் கழித்தாலும் அது பன்னீர்க்குடத் தண்ணீரில்தான் கலக்கும். அந்தத் தண்ணீரையே பிள்ளை திரும்ப விழுங்கும். தாய்க்குத் தெளிந்த பிறகும் பிள்ளை அதற்குள்ளேதான் கிடக்கும்.

மூன்றாம் கிழமையிலிருந்து எட்டாம் கிழமைக்குள் முகம், இருதயம், கை கால் எல்லாம் உருவெடுக்கின்றன. அநேகமான பெண்களுக்குத் தாம் முழுகாமல் இருப்பது அந்த நேரத்தில்தான் தெரிய வரும். சிலருக்கு அப்போதும் தெரியாது. மூளைக்கோ காலக்கெடு இல்லை. அது ஒன்பது மாதமும் வளர்கிறது, ஒன்பது மாதமும் பாதிக்கப்படக்கூடியது. முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல், ஞாபகத்திலும் கணக்கிலும் கோபத்தை அடக்குவதிலும் மட்டும் குறை தெரிகிற பிள்ளைகள்தான் அதிகம். வகுப்பில் அவர்களுக்குக் கிடைக்கும் பெயர் குழப்படிக்காரர், சோம்பேறி. 2017இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, கர்ப்பகாலத்தில் குடிக்கும் 67 பெண்களில் ஒருவருக்கு முழு அடையாளமும் கொண்ட பிள்ளை பிறக்கிறது என்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 119,000 பிள்ளைகள். முகம் காட்டிக் கொடுக்காத பிள்ளைகள் இந்தக் கணக்கில் இல்லை.

பழி சொல்ல நாக்கு எழும்பும் போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வேன். 1960களில் நியூயோர்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியர் குறைமாத வலியை நிறுத்த மதுசாரத்தை நரம்பு வழியாக ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். 1970களிலும் பல ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு அதைச் செலைன்போல ஏற்றினார்கள். படித்த வைத்தியர்களுக்கே தெரியாமல் இருந்தது. ரயில் பாதையோரத்து இரண்டறை வீட்டுக்காரியிடம் "உனக்குத் தெரியாதோ" என்று கேட்க எனக்கு என்ன உரிமை?

எப்படிக் கேட்பது என்பதை நான் வருடக்கணக்கில் திருத்திக்கொண்டே வந்தேன். 1989இல் டெட்ரோயிற்றில் ரொபர்ட் சோக்கல் என்ற வைத்தியரின் குழு கர்ப்பிணிகளுக்கென்றே நாலு கேள்விகளை அமைத்தது. அவர்களும் கண்டது இதைத்தான்: "எவ்வளவு குடிக்கிறீர்கள்" என்றால் பெண்கள் குறைத்துச் சொல்வார்கள். "எத்தனை கிளாஸ் உள்ளே போனால் உங்களுக்குத் தலை கிறுகிறுக்கும்" என்றால் உண்மை வரும். இரண்டுக்கு மேல் வேண்டும் என்பவளுக்கு உடம்பு பழகிவிட்டது என்று பொருள். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, அதனால் பொய்க்கும் தேவை இல்லை.

ஆனால் டெட்ரோயிற்றுக்காரர் அறியாத சில தடைகள் எங்கள் ஒழுங்கைகளில் இருந்தன. நான் வேலை செய்த காலத்தின் பெரும்பகுதி யுத்தகாலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லொட்ஜிலும் வாடகை அறையிலும் இருந்த பெண்களுக்கு, கையில் பதிவுப் புத்தகத்தோடு யார் கதவைத் தட்டினாலும் வயிறு கலங்கும். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, இரவுச் சோதனை. 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த தமிழரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய நாட்களும் இருந்தன. கேட்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் "இல்லை" என்று சொல்லிப் பழகிய சனம் அது. அவர்களிடம் முதல் நாளே புத்தகத்தைத் திறக்கக் கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் படித்தேன். முதல் தரம் போனால் நிறையும் பிறஷரும் பார்த்துவிட்டு, ஊர் எது என்று கதைத்துவிட்டு வருவேன். கேள்வி இரண்டாம் தரம்.

வீட்டில் தனியாகப் பேச இடம் கிடைப்பது அடுத்த தடை. மாமியையோ அம்மாவையோ "வெளியே போங்கோ" என்று சொல்ல முடியாது. "அம்மா, ஒரு பிளேன்ரீ குடிச்சால் நல்லம், சரியான வெய்யில்" என்பேன். தண்ணீர் கொதிக்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் குடித்த தேநீருக்குக் கணக்கில்லை.

பிறகு சொற்கள். "குடி" என்றால் எங்கள் பெண்களுக்குக் கசிப்பும், தள்ளாடி வரும் ஆணும்தான் கண்முன் வரும். தொடர்மாடியில் இருந்து வங்கிக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, கந்தோர் விருந்தில் எடுத்த வைனைக் குடி என்று நினைப்பதில்லை. அவள் "இல்லை மிஸ்" என்பது பொய்யல்ல. அதனால் பெயர் சொல்லியே கேட்கத் தொடங்கினேன்: பியர், வைன், ஸ்டவுட், பிறண்டி, சாராயம், கள்ளு, கசிப்பு. கடைசியாக அரிஷ்டம். ஒரு கிளாஸ் வைன், ஒரு சின்னப் போத்தல் பியர், ஒரு சிறு அளவு சாராயம் மூன்றிலும் இருக்கும் மதுசாரம் ஏறத்தாழ ஒன்றுதான். அரிஷ்டம் புளித்துத்தான் உருவாகிறது, புளிக்கும்போது மதுசாரம் தானாக ஊறும். அதை மருந்து என்று மட்டும் நினைத்து வேளைக்கு வேளை எடுத்த கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு குளிர் பிடிக்காமல் ஒரு மூடி பிறண்டி, பால் சுரக்க ஸ்டவுட் என்று கொடுக்கும் வீடுகளும் உண்டு. ஸ்டவுட் பாலைக் கூட்டாது. மதுசாரம் பால் இறங்குவதைத் தடுக்கும், பாலிலும் கலக்கும். இதைப் பாட்டிமாரிடம் சொல்வது பேரப்பிள்ளையின் பெயரால்தான் முடியும். அந்தப் பெயரைச் சொன்னால் கேட்பார்கள்.

நத்தார் மாதத்தில் ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள்: "மிஸ், றிச் கேக் சாப்பிடலாமோ? பிறண்டியில ஊறினது." கேட்க வேண்டும் என்று தோன்றியதே எனக்கு மகிழ்ச்சி. ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டு இரவெல்லாம் அழுத ஒருத்தியைத் தேற்றியும் இருக்கிறேன். நான் பயப்படுவது அந்தத் துண்டுக்கு அல்ல. கிளாஸுக்கு. இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய ஒரு அளவை இன்றுவரை எந்த வைத்தியமும் காட்டவில்லை.

கடைசித் தடை காலம். "இப்ப குடிக்கிறீங்களோ" என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். "முழுகாமல் இருக்கிறது தெரிய முன்னம், கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?" என்று கேட்டால் யோசிப்பார்கள். யோசனை வந்தால் உண்மை வரும். அப்படிக் கேட்டபோதுதான் அந்த வங்கிப் பிள்ளை கையை வாயில் வைத்துக்கொண்டாள். திருமணமாகி ஏழு மாதம். இரண்டு விருந்து, ஒரு நுவரெலியாப் பயணம். கணக்குப் பார்த்தால் எல்லாம் முதல் ஐந்து கிழமைக்குள். அந்த இடத்தில் அம்மா வந்துவிட்டா. பிள்ளை எழும்பி, "மிஸ், கேற் வரைக்கும் வாறன்" என்று என்னோடு வெளியே வந்தாள். மதிலோரம் நின்று முழுவதையும் சொன்னாள்.

"ஒன்றும் ஆகாது" என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. "இன்றைக்கு நிறுத்தினால் இன்றையிலிருந்து வளர்கிற மூளைக்கு நன்மை, எட்டாம் மாதத்தில் நிறுத்தினாலும் அப்படித்தான்" என்றேன். அது உண்மை. அவள் சம்மதித்த பிறகு கார்டில் எழுதினேன். வீ.ஓ.ஜீ என்ற மகப்பேற்று வைத்தியரிடம் அவளே சொல்லவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவளுடைய பெண்பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாகப் படிக்கிறாள். அதை வைத்து ஐந்து கிழமை குடித்தால் பாதகமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அளவு குடித்த இரண்டு தாய்மாரின் பிள்ளைகள் ஒரே மாதிரிப் பிறப்பதில்லை. உடம்பு, சாப்பாடு, வயது, எந்த நாளில் எவ்வளவு என்று எத்தனையோ சேர்கின்றன.

இன்னொரு வகைத் தாயைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. காலையில் கை நடுங்குகிறவள், ஒரு மிடறு போனால்தான் நடுக்கம் நிற்கிறவள். அவளிடம் "நாளைக்கே விடு" என்று சொல்லக் கூடாது. திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. அவளை ஆஸ்பத்திரியில் வைத்து, வைத்தியர் பார்க்க, மெல்ல நிறுத்த வேண்டும். அடி உதை உள்ள வீடாக இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மிதுரு பியச என்ற நிலையத்தில் கதைக்கலாம். கொழும்பு ஹோட்டன் பிளேசில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர, குடியிலிருந்து மீள நினைப்பவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உதவுகிறது. அங்கே நான் அனுப்பிய முதல் ஆள் ஒரு கணவன். மனைவியின் வயிற்றுக்காக அவர் போனார்.

கணவன்மாரிடம் பேசுவதைத்தான் எங்கள் துறை போதிய அளவு செய்யவில்லை என்பது என் தீர்ப்பு. 2015இல் நடந்த நாடளாவிய தொற்றா நோய் ஆய்வில், கடந்த முப்பது நாளில் குடித்த ஆண்கள் மூன்றில் ஒருவர். பெண்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்து இது எங்கள் நாட்டுப் பிரச்சினையே அல்ல என்று சொல்கிறவர்கள் உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதை நானும் நம்புகிறேன். ஆனால் அந்த எண்ணும் யாரோ ஒரு வாசலில் கேட்ட கேள்விக்கு யாரோ ஒருத்தி சொன்ன பதில். பெண்ணுக்கு மதுபானம் விற்கக் கூடாது என்று 1979இல் போட்ட விதியை 2018 ஜனவரியில் நீக்கினார்கள், சில நாளிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். விற்கலாமா கூடாதா என்று பத்திரிகைகளில் அன்று நடந்த வாதத்தில் ஒரு கர்ப்பிணியையும் நான் காணவில்லை. கடைக் கவுண்டரில் பெண்ணை நிறுத்திவிடலாம். வீட்டு அலுமாரியில் இருக்கும் போத்தலுக்கு முன்னால் எந்த விதியும் நிற்காது. விதி கொண்டுவந்த வெட்கமோ என் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கும்.

அந்த ரயில் பாதையோரத்துப் பையன் வளர்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் ஆண்டோடு நின்றான். ஒரு கராஜில் சொன்ன வேலையைச் செய்கிறான், ஒரு நேரத்தில் ஒரு வேலை சொன்னால் அழகாகச் செய்கிறான். அதைக் கண்டுபிடித்தவர் அந்தக் கராஜ் முதலாளி. இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டும் தவறும் என்பதைக் கவனித்து, ஒவ்வொன்றாகச் சொல்லப் பழகினார். அவனுக்குப் பத்து வயதாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் யாராவது அப்படிக் கவனித்திருந்தால் அவன் எவ்வளவு அடி தப்பியிருப்பான்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கச்சிமாருக்கு நான் சொல்வது, "தானே"யை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கோ. வயிற்றில் பிள்ளையோடு இதை வாசிக்கிறவருக்கும், இந்த வருடம் ஒரு பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறவருக்கும் சொல்வது: இன்றைக்கே நிறுத்துங்கள். எடுத்திருந்தால், எப்போது எவ்வளவு என்று உங்கள் மிட்வைஃபிடம் சொல்லுங்கள். நாங்கள் பொலிஸ் அல்ல, உங்கள் மாமியும் அல்ல. வீட்டில் ஆள் நின்றால், கேற் வரைக்கும் வாறன் மிஸ் என்று சொல்லி வெளியே வாருங்கள். எங்களுக்கு விளங்கும்.